கல்தொட்டியும் எவர்சில்வர் கிண்ணமும்

சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பத்தா கல்தொட்டியில் கம்பங்கஞ்சியை ஊற்றி, மதியம் மிஞ்சிய சோற்றையும் கருவாட்டுத் தலையையும் பிசைந்து போட்டுவிட்டு, "தோ… தோ…" என்று ஒரு குரல் கொடுப்பாள். தொழுவத்திலிருந்தும் வைக்கோல் படப்பிலிருந்தும் திண்ணைக்கு அடியிலிருந்தும் நாய்கள் ஓடிவரும். திருவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில், மேற்கே மலை தெரியும் ஊர் எங்களுடையது. 1970-களின் கடைசியில், நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், எங்கள் வீட்டில் ஐந்து நாய்கள் இருந்தன.

"சாப்பிட வர்ற வரத்தைப் பாரு, நாயோட குணம் தெரிஞ்சிரும்" என்பாள் அப்பத்தா. அது உண்மைதான்.

செவலை முதலில் வரும். ஐந்தில் மூத்தது அது. நாலு வாய் சாப்பிட்டதும் தலையைத் தூக்கிப் பின்னால் நகர்ந்து நின்றுகொள்ளும். எத்தனையோ ஈடு குட்டி போட்ட நாய். குட்டிகள் வளர்ந்து ஊரில் நாலு வீட்டுக்குப் போன பிறகும் மற்றவர்களுக்கு விட்டுக்கொடுக்கும் பழக்கம் அதை விட்டுப் போகவில்லை. மணி சின்னது. தொட்டியருகே எங்களில் ஒருவர் உட்கார்ந்தால்தான் வாய் வைக்கும். பள்ளிக்கூடம் வரைக்கும் எங்களோடு வந்து, வேப்பமரத்தடியில் படுத்திருந்து, கடைசி மணி அடித்ததும் எழுந்து சோம்பல் முறிக்கும். அந்தப் பேர் அதற்கு அப்படித்தான் வந்தது.

மயிலு தொட்டிக்கே வராது. அது கன்னி. உடம்பு கருப்பு, மார்பிலும் காலிலும் பழுப்பு, ஒடிசலான இடுப்பு. எங்கள் பக்கத்தில் கருப்பாக இருந்தால் கன்னி என்பார்கள், அதே உடல்வாகில் வேறு நிறமாக இருந்தால் சிப்பிப்பாறை என்பார்கள். பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது சீரோடு குட்டி கொடுப்பது வழக்கம், அதனால்தான் கன்னி என்று பேர் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அம்மா கல்யாணமாகி வந்தபோதும் அவள் பிறந்த வீட்டிலிருந்து ஒரு குட்டி வந்தது. மயிலு அதன் பேத்தி. புகுந்த வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் அதற்கு அம்மா ஒருத்திதான் மனுஷி. அடுப்படிக்குப் பின்னால் அம்மா ஒரு உடைந்த சட்டியில் வைத்தால் மட்டும் சாப்பிடும். அம்மா பிறந்த வீட்டுக்குப் போன நாட்களில் பட்டினி கிடக்கும்.

கருப்பன் கடைசியில் சாப்பிடும். ஒரு மழை நாளில் எங்கிருந்தோ வந்து தொழுவத்தில் ஒதுங்கிய தெரு நாய் அது. யாரும் காவல் காக்கச் சொல்லவில்லை. மற்றவை தலையைக் குனிந்து சாப்பிடுகிறபோது வாசலைப் பார்த்தபடி நிற்கும். எல்லாரும் முடித்த பிறகு வந்து தொட்டியை நக்கும்.

வெள்ளையன் ராஜபாளையம். பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு, நெஞ்சு நிமிர்ந்த நடை. அப்பா ஆசையாக வாங்கி வந்த குட்டி. ஆனால் கூப்பிட்டால் வராது. அப்பத்தா குரல் கொடுத்தாலும் படுத்த இடத்திலேயே படுத்திருக்கும். மற்ற நாய்கள் ஓடுவது கண்ணில் பட்டால்தான் எழுந்து வரும். "மகாராசாவுக்கு நாம கூப்பிட்டாக் கேக்காது" என்பார் அப்பா. அந்த வீட்டில் அதிகம் திட்டு வாங்கியது வெள்ளையன்தான். கம்பால் அடியும் வாங்கியிருக்கிறது. திமிர் பிடித்த நாய் என்று ஊருக்கே தெரியும்.

அந்தக் காலத்தில் எங்கள் நாய்களுக்கு வீட்டுக்குள் இடமில்லை. திண்ணைதான் எல்லை. ஆனால் வாசலுக்கு வெளியே களம், தோப்பு, கண்மாய்க்கரை, மலையடிவாரம் வரைக்கும் அவற்றுக்கு இடம் இருந்தது. யாரும் சங்கிலியில் கட்டவில்லை. காலையில் அப்பாவோடு தோப்புக்குப் போகும், மத்தியானம் கமலைக் கிணற்றில் குளிக்கும், ராத்திரி களத்தில் படுக்கும். தனியாக இருப்பது என்றால் என்னவென்று அந்த ஐந்துக்கும் தெரியாது.

மருத்துவம் என்று எதுவும் கிடையாது. உண்ணி பிடித்தால் கையால் பிடுங்கி எரிப்போம். வயிறு சரியில்லாவிட்டால் நாயே அருகம்புல்லைத் தின்று வாந்தி எடுக்கும். செவலை நெல் குதிருக்கு அடியில் குட்டி போடும்போது அப்பத்தா ஒரு சாக்கை விரித்து விளக்கை அணைத்துவிட்டு வந்துவிடுவாள். ஏழு குட்டியில் மூன்று தங்கினால் அதிகம். மீதி ரத்தமாகக் கழிந்து செத்துப்போகும். "தங்கலை" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் புதைப்போம். பார்வோ என்ற வைரஸ் குட்டிகளை அப்படிக் கொல்லும், அதைத் தடுக்க ஊசி உண்டு என்று எனக்குத் தெரியவர இன்னும் இருபது வருஷம் ஆனது.

1979-இல் மணி போனது. தெருவில் வந்த வெறிநாய் ஒன்று அதன் கழுத்தில் கடித்திருந்தது. மஞ்சளைக் குழைத்துப் பூசினோம். ஒரு மாதம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. கட்டிலுக்கு அடியில் இருட்டில் போய்ப் படுத்துக்கொண்டது. குரைப்பு கட்டிப்போய் ஊளை மாதிரி வந்தது. தாடை தொங்கி எச்சில் வழிந்தது. தண்ணீர் வைக்கக் குனிந்த என் தம்பியின் கையைக் கவ்வியது. அதற்கு முன்னால் ஒரு எறும்பைக்கூட மிதிக்காத நாய் அது. நாலாம் நாள் செத்தது.

தம்பிக்கும், வாயில் கை வைத்துக் கஞ்சி ஊட்டிப் பார்த்த அப்பத்தாவுக்கும் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. தினமும் பஸ் ஏறி டவுனுக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஆட்டின் மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து அது. வயிறு வீங்கி, தம்பி குப்புறப் படுக்க முடியாமல் அழுவான். இருவரும் பிழைத்தார்கள். அந்த மருந்தை இந்தியா 2004-ஓடு கைவிட்டது. இன்று அரசு ஆஸ்பத்திரியில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் கைத் தோலில் போடுகிறார்கள். நாய்க்குட்டிக்கு மூன்றாவது மாதத்தில் ஒரு ஊசி, அதன் பிறகு டாக்டர் சொல்லும் கணக்கில் தவறாமல் போட்டு வந்தால் மணிக்கு வந்த சாவு எந்த மணிக்கும் வராது. கடித்த இடத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வேண்டும் என்பதுகூட அன்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மஞ்சளை நம்பி ஒரு நாயைக் கொடுத்தோம்.

வெள்ளையன் அதற்கு மூன்று வருஷம் கழித்துப் போனது. தோப்பிலிருந்து அப்பாவோடு திரும்பிவரும்போது ரோட்டின் ஓரமாக முன்னால் நடந்துகொண்டிருந்தது. பின்னாலிருந்து லாரி வந்தது. டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தார். அப்பா கத்தினார். மற்ற நாய்கள் ஒதுங்கிவிட்டன. வெள்ளையன் மட்டும் நடுரோட்டுக்கு நகர்ந்து, அதே நிமிர்ந்த நடையில் நடந்தது. அப்பா அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து மாமரத்தடியில் புதைத்தார். "சொன்ன பேச்சுக் கேக்காததுக்கு இதான்" என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை.

இப்போது நான் மதுரையில் இருக்கிறேன். சின்ன வீடு, சுற்றிலும் சுவர், இரும்புக் கேட். கடந்த பதினாலு வருஷத்தில் இந்த வீட்டில் நான்கு நாய்கள் வாழ்ந்திருக்கின்றன. நான்குக்கும் தனித்தனி எவர்சில்வர் கிண்ணம். எடை போட்டு உணவு. தடுப்பூசி அட்டை, குடல்புழு மாத்திரை, உண்ணிக்கு மருந்து. வெங்காயம், திராட்சை, சாக்லேட் கூடாது என்று அடுப்படிச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். கட்டில்வரை வர அவற்றுக்கு உரிமை உண்டு. கேட்டைத் தாண்டிப் போக உரிமை இல்லை.

2011-இல் ஊரிலிருந்து மாமா ஒருத்தர் ராஜபாளையம் குட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். 2005-இல் தபால் துறை ராஜபாளையத்துக்கு ஸ்டாம்ப் வெளியிட்டபோது அப்பா ஒரு தாள் வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தார். அந்த ஆசை தெரிந்துதான் மாமா கொண்டுவந்தார். வெள்ளை வெளேரென்று இருந்ததால் சங்கு என்று பேர் வைத்தோம். ஒரு மாதத்துக்குள் எனக்குப் பழைய கதை திரும்பி வந்தது. சங்கு கூப்பிட்டால் வரவில்லை. அழைப்புமணி அடித்தாலும் தூங்கியது. "திமிர், இந்தச் சாதிக்கே உள்ளது" என்று நானும் சொன்னேன்.

தடுப்பூசிக்குக் கொண்டுபோன இடத்தில் டாக்டரம்மா குட்டியின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். கொஞ்சம் தள்ளி நின்று, காற்றுப் படாமல், நிழல் விழாமல், பின்னாலிருந்து கை தட்டினார். சாவிக்கொத்தைக் குலுக்கினார். ஒரு தகர டப்பாவைக் கீழே போட்டார். காத்திருந்த மற்ற நாய்கள் துள்ளின. சங்கின் காது மடல் அசையவில்லை.

"இதுக்குக் காது கேக்காதும்மா" என்றார். வெள்ளை நிறத்துக்கும் காதுக்கும் உள்ள தொடர்பை எனக்குப் புரியும்படி சொன்னார். தோலுக்கு நிறம் கொடுக்கும் அணுக்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். அவை இல்லாவிட்டால் அங்கே ரத்த ஓட்டம் கெட்டு, ஒலியை வாங்கும் நுண்மயிர் அணுக்கள் குட்டி பிறந்த சில வாரங்களிலேயே அழிந்துபோகும். முழு வெள்ளையாக இருக்கும் இனங்களில் இது நடக்கும். எல்லாக் குட்டிக்கும் வராது. வந்த குட்டியை வைத்துக் குட்டி எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். மற்றபடி நல்லபடியாக வளர்க்கலாம் என்றார்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போது நான் கல்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டபோது வராத வெள்ளையன். மற்றவை ஓடக் கண்டு எழுந்துவந்த வெள்ளையன். இன்னொன்றும் ஞாபகம் வந்தது. ராத்திரி களத்தில் படுக்கும்போது அது கருப்பனின் முதுகில் தாடையை வைத்துத்தான் தூங்கும். ரெண்டும் அப்படி ஒட்டிக் கிடப்பதைப் பார்த்து நாங்கள் சிநேகிதம் என்று நினைத்தோம். யாராவது வந்தால் கருப்பன் முதலில் அடித்தொண்டையில் உறுமும். அந்த உறுமலில் உடம்பு அதிரும். அந்த அதிர்வில்தான் வெள்ளையன் கண் விழித்து, எழுந்து, கருப்பன் பார்க்கும் திசையைப் பார்த்துக் குரைத்திருக்கிறது. வருஷக்கணக்கில் ஒரு செவிட்டு நாய் இப்படித்தான் எங்கள் களத்தைக் காவல் காத்தது. அதைத்தான் நாங்கள் திமிர் பிடித்தது என்று அடித்தோம்.

அந்த வாரமே ஊருக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அப்போது அவருக்கு எழுபத்து மூன்று வயது. திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் திட்டுனது எதுவும் அதுக்குக் கேக்கலையாம்மா?" என்றார்.

"இல்லப்பா. எதுவும் கேட்டிருக்காது."

"நான் கத்துனதும் கேட்டிருக்காதே" என்றார். எழுந்து துண்டை உதறிப் போட்டுக்கொண்டு மாமரத்தடிக்குப் போனார். இருட்டும்வரை வரவில்லை.

சங்கை நாங்கள் வேறு மாதிரி வளர்த்தோம். உள்ளங்கையை விரித்துக் காட்டினால் உட்கார வேண்டும். மார்பில் ரெண்டு தட்டு தட்டிக்கொண்டால் வர வேண்டும். தரையில் மூன்று முறை காலால் தட்டினால் சாப்பாடு. ராத்திரியில் விளக்கை அணைத்துப் போட்டால் உள்ளே வா என்று அர்த்தம். தூங்கும்போது தொட்டு எழுப்பக் கூடாது, மூக்கருகே கையைக் கொண்டுபோய் வாசனை காட்ட வேண்டும். ரெண்டு மாதத்தில் எல்லாம் கற்றுக்கொண்டது. பதினோரு வருஷம் வாழ்ந்து, 2022-இல், என் மடியில் தலை வைத்தபடி போனது. ஒருநாளும் அதைத் திட்டியதில்லை.

சிண்டு பக். 2003-இல் ஒரு செல்போன் விளம்பரத்தில் சிறுவனின் பின்னாலேயே ஓடிய குட்டியைப் பார்த்து நம் ஊரெங்கும் பக் வாங்கினார்கள். அந்த ஆசை தீர்ந்தபோது விடப்பட்டவை எத்தனையோ. பக்கத்துத் தெருவில் வீடு காலி செய்தவர்கள் விட்டுப்போனது சிண்டு. அப்படியே செவலையின் குணம். மற்ற நாய் வந்தால் கிண்ணத்தை விட்டு நகர்ந்து நிற்கும். மதுரை வெயிலில் அது பட்ட பாட்டைப் பார்த்துத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. நாய் வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கிறது. மூக்கைச் சப்பையாக்கி இனம் பெருக்கியவர்கள் அந்த வழியையே குறுக்கிவிட்டார்கள். சிண்டு தூங்கும்போது விடும் குறட்டையைக் கேட்டு வீட்டுக்கு வருபவர்கள் ரசிப்பார்கள். அது மூச்சுக்குப் படுகிற பாடு என்று ஒவ்வொருவருக்கும் சொல்லியிருக்கிறேன்.

புரூனோ லேப்ரடார். 2020-இல், ஊரடங்கில், பெங்களூரில் என் மகன் வாங்கியது. ரெண்டு வருஷம் அவன் வீட்டிலிருந்து வேலை செய்தான். புரூனோவுக்கு இருபத்து நாலு மணி நேரமும் ஆள் இருந்தது. ஆபீஸ் திறந்ததும் காலை ஒன்பதிலிருந்து ராத்திரி எட்டு வரை பூட்டிய வீடு. கதவைப் பிராண்டிப் பிராண்டி நகம் பிய்ந்து ரத்தம் வந்த பிறகு இங்கே கொண்டுவந்து விட்டான். வந்த புதிதில் அவனுடைய செருப்பைக் கவ்விக்கொண்டு கேட்டருகே படுத்திருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் வேப்பமரத்தடி மணி ஞாபகம் வரும். மணிக்கு ஊசி இல்லை, ஆனால் சாயங்காலம் நாலு மணிக்கு அடிக்கும் பள்ளிக்கூட மணி இருந்தது. புரூனோவுக்கு எல்லா ஊசியும் இருந்தது. மணி எப்போது அடிக்கும் என்று மட்டும் தெரியாமல் இருந்தது.

லட்சுமி எங்கள் தெருவின் நாய். மாநகராட்சி ஆட்கள் பிடித்துக்கொண்டுபோய்க் கருத்தடை செய்து, வெறிநோய்க்கு ஊசி போட்டு, காது நுனியில் அடையாளத்துக்கு வெட்டி, அதே தெருவில் கொண்டுவந்து விட்ட நாய். 2012-இல் மழைக்கு கேட் ஓரம் ஒதுங்கியது. கருப்பன் திரும்பி வந்ததாகவே எனக்குத் தோன்றியது. மற்றவை சாப்பிடும்போது வாசலைப் பார்த்து நிற்கும். கடைசியில்தான் தன் கிண்ணத்துக்குப் போகும். சங்கு அதன் முதுகில் தாடை வைத்துத் தூங்கும். யாரும் அவற்றுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கள்வர்களோடு சண்டையிட்டு மாண்ட ஒரு வீரனின் கல். அவனோடு நின்று கள்வர்களைக் கடித்த அவனுடைய நாயின் உருவமும் அதில் உண்டு, கோவிவன் என்று அதன் பேரும் உண்டு. ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சிற்றூரில் வாழ்ந்தவர்கள், அந்த நாய் என்ன செய்தது என்று கண்ணால் பார்த்து, கல்லில் எழுதி வைத்தார்கள். எங்கள் வீட்டில் ஒரு நாய் ராத்திரி முழுக்க என்ன செய்தது என்று நாங்கள் பார்க்கவே இல்லை.

போன வருஷத்திலிருந்து லட்சுமி கூப்பிட்டால் வருவதில்லை. பதின்மூன்று வயது. வயசானதால் காது மந்தமாகிவிட்டது, இனி மோசமாகத்தான் ஆகும் என்றார் டாக்டர். நான் பயப்படவில்லை. ஒருநாள் சாயங்காலம் கிண்ணத்தை வைத்துவிட்டுத் தரையில் மூன்று முறை காலால் தட்டினேன். கேட்டருகே முதுகு காட்டிப் படுத்திருந்த லட்சுமி தலையைத் தூக்கித் திரும்பிப் பார்த்தது. மார்பில் ரெண்டு தட்டு தட்டினேன். எழுந்து வந்தது. சங்குக்கு நாங்கள் கற்றுக்கொடுத்ததையெல்லாம் பத்து வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்து அதுவும் கற்றுவைத்திருக்கிறது.

அப்பா இப்போது இல்லை. கல்தொட்டி இன்னும் ஊர் வீட்டு முற்றத்தில் கிடக்கிறது. மழைத் தண்ணீர் நிற்கிறது, குருவிகள் குடிக்கின்றன. இந்த நாய்களைப் பற்றி எழுத உட்கார்ந்ததே ஒரு விஷயத்தைச் சொல்லத்தான். உங்கள் வீட்டில் சொன்ன பேச்சுக் கேட்காத நாய் இருந்தால், அதுவும் வெள்ளை நாயாக இருந்தால், கம்பை எடுக்காதீர்கள். அதன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி வைத்து, பின்னால் நின்று ஒரு முறை கை தட்டிப் பாருங்கள்.